தங்கமான தோல்

தோட்டைக் காதில் வைத்து அழுத்தினாள், உள்ளே போகவில்லை. இடம் தப்பிவிட்டதென்று நினைத்து, கொஞ்சம் மேலே, கொஞ்சம் கீழே என்று தண்டின் முனையை நகர்த்தி நகர்த்திக் குத்திப் பார்த்தாள். பிறகு விளக்கைப் போட்டுக் கண்ணாடியில் முகத்தைச் சாய்த்தாள். காதில் ஓட்டையே இல்லை. ஒரு குழியோ புள்ளியோ கூட இல்லாமல் கைக்குழந்தையின் காது மாதிரி மொழுமொழுவென்றிருந்தது.

தோடு போடாமல் விட்டால் காது தூர்ந்துபோவது ஊர் உலகத்தில் நடக்கிறதுதான். அறுவை சிகிச்சைக்காகக் கழற்றியதை அவள் அப்படியே விட்டுவிட்டாள். ஆனாலும் பாவாடை கட்டித் திரிந்த வயதிலிருந்து தோட்டின் பாரத்தைச் சுமந்து சுமந்து நீண்டுபோன ஓட்டை அது. தூர்ந்தாலும் ஒரு வடுவாவது மிஞ்ச வேண்டாமா?

"என்னங்க, இங்க வாங்களேன். காது ஓட்டையைக் காணோம்!"

கணவர் எட்டிப் பார்த்தார். "காது அங்கயேதான் இருக்கு. வாய்தான் கொஞ்ச நாள் காணாமப் போகணும்னு சொல்லியிருக்காங்க. பேசாதே ரேடியோ."

அவளுக்கு வீட்டில் அதுதான் பெயர். காலையில் கண் விழிக்கும்போது பாட ஆரம்பித்தால் தலையணையில் தலை சாயும்வரை ஓயாது. அந்த வாய்தான் அவளுக்குச் சோறும் போட்டது. கட்டில், சோபா, பீரோ விற்கிற கடையில் முன்வாசலில் நிற்பவள் அவள். மழைக்கு ஒதுங்கியவனைக்கூடச் சாப்பாட்டு மேசை வாங்க வைத்துத்தான் அனுப்புவாள். புதிதாக வந்த மேலாளர்தான், "முன்னாடி கொஞ்சம் சின்ன வயசு முகமா இருந்தா நல்லா இருக்குமே" என்று பல்லைக் காட்டிக்கொண்டே அவளைக் கிடங்குக்கு மாற்றினான். கிடங்கில் பேச்சுத் துணைக்கு மெத்தைகள் மட்டுமே. அந்த ஆத்திரத்தில்தான் தொங்கிய கன்னத்தை இழுத்துத் தைத்துக்கொண்டாள். முகம் ஆறியதும் முன்வாசலில் போய் நின்று, அவன் முகத்துக்கு நேராகவே நாலு வார்த்தை கேட்க வேண்டும். அந்த நாலு வார்த்தையையும் தயாராக வைத்திருந்தாள்.

வெட்டிய கோடு நெற்றிப்பொட்டில் தொடங்கி, காதுக்கு முன்னால் இறங்கி, மடலைச் சுற்றிப் பின்னால் போயிற்று. வீட்டுக்கு அனுப்பும்போது கிளினிக் நர்ஸ் பாடம் நடத்தினாள். "வெயில் படவே கூடாதுக்கா, தழும்பு கறுத்துடும். இந்தக் களிம்பைத் தடவி, விரல் நுனியால சின்னச் சின்ன வட்டமா, மெதுவா அழுத்தி விடுங்க. மேல இந்த சிலிக்கான் பட்டையை ஒட்டிக்கோங்க. முக்கியமா, சிரிக்காதீங்க. சவைக்கிற சாப்பாடு வேண்டாம். ரொம்பப் பேசாதீங்க. தோல் இழுபட்டா தழும்பு அகலமாயிடும்."

"பேசக் கூடாதா! உங்களுக்குப் புண்ணியமாப் போகும்," என்றார் கணவர்.

அவர் ஒன்றாம் வகுப்பு வாத்தியார். பகல் முழுக்க வாண்டுகளின் இரைச்சலில் நனைந்துவிட்டு, வீட்டிலாவது அமைதி கிடைக்காதா என்று ஏங்குகிற நல்ல மனிதர். அன்றிலிருந்து அவள் வாயைத் திறந்தால் போதும், வகுப்பில் செய்வது போலத் தன் உதட்டின் மேல் விரலை வைப்பார். அவளும் உதட்டில் விரலை வைத்தால், "வெரி குட்" என்று கட்டை விரலை உயர்த்துவார். விளையாட்டாகத்தான் தொடங்கியது.

அவர் பள்ளிக்குப் போனபின் வீடு அவளிடம் வரும். வெயிலுக்குப் பயந்து திரைகளையெல்லாம் இழுத்துவிட்டிருந்ததால் உச்சிப் பகலிலும் அறைகள் தண்ணீருக்கடியில் கிடப்பது போல மங்கிக் கிடந்தன. ஃபிரிட்ஜ் சற்று நேரம் முனகிவிட்டு ஓயும். குழாய்க்குள் எங்கோ ஒரு சொட்டு இறங்கும். பக்கத்து வீட்டில் யாரோ நாற்காலியை இழுப்பது, வெகுநேரம் கழித்து அதே நாற்காலியைத் திரும்பத் தள்ளுவது, எல்லாம் சுவரைத் தாண்டி வந்து அவள் மடியில் விழும். களிம்புக்குப் புது மழைக்கோட்டின் வாசம். அது தலையணையிலும் குளியல் துண்டிலும் ஏறி, கடைசியில் குடிக்கிற தண்ணீரிலும் ஏறியது.

அடுத்த முறை கிளினிக் போனபோது டாக்டரம்மா விளக்கைக் கிட்டே இழுத்துப் பார்த்துவிட்டு, பக்கத்து அறை டாக்டரையும் கூப்பிட்டுக் காட்டினார். "கோடு எங்கன்னு கண்டுபிடிங்க பார்ப்போம்! இது தங்கமான தோல். சொன்ன பேச்சைக் கேக்குது."

"டாக்டர், காது ஓட்டையும்..."

"பேசாதீங்க, பேசாதீங்க. அது மறுபடி குத்திக்கலாம்."

தங்கமான தோல். சந்தோஷமாகத்தான் இருந்தது. சின்ன வயதில் அம்மை போட்டு நெற்றியில் விட்டுப்போன பள்ளம் நிரம்பியபோது கூடச் சந்தோஷப்பட்டாள். இஸ்திரிப் பெட்டி சுட்ட முழங்கை வடு மறைந்தபோதுதான் லேசாக இடித்தது. முழங்கையில் அவள் களிம்பு தடவவே இல்லையே.

பிறகு ஒரு மத்தியானம் தங்கைக்குப் போன் போடலாமென்று எடுத்தாள். விரலை வைத்தாள், போன் திறக்கவில்லை. துடைத்துவிட்டு வைத்தாள். வேறு விரலை வைத்தாள். திரையை ஒரு விரற்கடை ஒதுக்கி, விழுந்த வெளிச்சக் கீற்றில் கையை நீட்டிப் பார்த்தாள். விரல் நுனிகளில் ரேகை இல்லை. ஐந்தும் மெழுகு போல வழவழவென்றிருந்தன.

"களிம்பு ஒட்டியிருக்கும். சோப்புப் போட்டுக் கழுவு," என்றார் கணவர், நோட்டுத் திருத்திக்கொண்டே.

நர்ஸோ போனில் விழுந்து விழுந்து சிரித்தாள். "எல்லாரும் தழும்பு போகலன்னு அழுவாங்க. போகுதுன்னு அழுற ஆளை இப்பத்தான்க்கா பார்க்கிறேன்."

யாரிடம் சொல்வது? ஒன்றைப் பத்தாக்கிப் பேசியே பேர் வாங்கியவள். புலி வருது புலி வருது என்று கத்தியவன் கதைதான். தங்கையும், "ஆரம்பிச்சுட்டியா?" என்றுதான் கேட்பாள்.

களிம்பை நிறுத்தினாள். பட்டையைப் பிய்த்துக் குப்பையில் போட்டாள். அன்று குளிக்கும்போது சோப்புக் கை வயிற்றில் வழுக்கிக்கொண்டே போயிற்று. எங்கும் தடுக்கவில்லை. திரும்பத் தடவினாள். குனிந்து பார்க்க முதலில் மனம் துணியவில்லை. குனிந்தாள். தொப்புள் இருந்த இடம் சமமாக இருந்தது. கதவின் மேல் சாய்ந்து, தண்ணீர் ஆறி நடுங்கும்வரை அப்படியே நின்றாள்.

மறுநாள் பகல் தூக்கத்திலிருந்து விழித்தபோது கொட்டாவி வந்தது. வாய் முழுசாகத் திறக்கவில்லை. எச்சில் காய்ந்து ஒட்டியிருக்கும் என்று நாக்கால் உள்ளிருந்து துழாவினாள். இடது ஓரத்தில் உதடு முடிய வேண்டிய இடத்துக்கு முன்பே முடிந்தது. விரலை உள்ளே விட்டு இழுத்தாள். தையல் நூல் தெறிப்பது போல ஒரு சின்ன சத்தம். வலி. கண்ணாடியில் பார்த்தபோது வாய் பழையபடி இருந்தது, ஓரத்தில் மட்டும் ஒரு துளி ரத்தம். அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்தத் துளிக்குக் கீழே இருந்த கிழிசல் மெல்லக் கூடியது.

அப்போதுதான் விளங்கியது. அவள் முகத்தில் தோலுக்குப் பிடிக்காத பிளவு ஒன்று இன்னும் பெரிதாகப் பாக்கி இருக்கிறது. முன்வாசல் போனால் போகட்டும், கன்னம் தொங்கினால் தொங்கட்டும். வாய் போனால் அவளிடம் என்ன இருக்கிறது?

அன்றிலிருந்து வாயை மூட விடவில்லை. இருண்ட வீட்டுக்குள் தனியாக நடந்துகொண்டு பேசினாள். "வாங்க சார், உட்கார்ந்து பாருங்க, உட்காரக் காசு கேக்க மாட்டோம். இந்தப் பஞ்சு அமுங்கவே அமுங்காது." சுவருக்கு விற்றாள். ஃபிரிட்ஜுக்கு விற்றாள். நிறுத்தினால் உதடுகள் ஒன்றையொன்று தேடுவதை உணர முடிந்தது. தூங்கும்போது ஒரு மரக்கரண்டியைப் பல்லுக்கிடையில் கடித்துக்கொண்டு படுத்தாள்.

கணவருக்குத் தாங்கவில்லை. "உனக்கென்ன பைத்தியமா? இவ்வளவு அழகா ஆறிட்டு வர்றதை நீயே கெடுத்துக்குவியா?"

"ஆறலைங்க. மூடுது. என் வாய் மூடுது. சத்தியமா."

"ஒரு நாளாவது உன் வாய் மூடினதைப் பார்த்திருக்கேனா நான்?" சிரித்தார். பிறகு அவள் தலையைத் தடவிக் கொடுத்தார். "பயப்படாதே. நான் இருக்கேன்ல."

அந்தக் கை இதமாக இருந்தது. பல நாள் தூக்கத்தையெல்லாம் சேர்த்துத் தூங்கிப்போனாள்.

விழித்தபோது தலையணையில் புது மழைக்கோட்டின் வாசம். முகம் ஈரமாக, சில்லென்று இருந்தது. மரக்கரண்டி பக்கத்து மேசையில், கழுவித் துடைத்து வைக்கப்பட்டிருந்தது.

"தொண்டையில போயிருந்தா என்ன ஆகியிருக்கும்? அதான் எடுத்துட்டேன்," என்றார் அவர், சட்டைப் பொத்தானைப் போட்டபடி. "களிம்பும் நான்தான் போட்டுவிடறேன், நீ தூங்கினப்புறம். நிறுத்திட்டா எப்படி? நல்லா வட்டமா, நர்ஸ் சொன்ன மாதிரியே. முகம் முழுக்க."

கத்தினாள். சத்தம் மூக்கு வழியாக வந்தது.

கையை வாய்க்குக் கொண்டுபோனாள். வாய் இல்லை. உதட்டின் மேடுகூட இல்லை. மூக்குக்குக் கீழேயிருந்து தாடைவரை ஒரே வழவழப்பு. உள்ளே நாக்கு அந்தத் தோலின் மேல் முட்டியது. முட்டியது. முட்டியது.

அவர் தோளைப் பிடித்து உலுக்கி, மூக்குக்குக் கீழே விரலை வைத்துக் காட்டினாள். அவர் முகம் மலர்ந்தது. தானும் உதட்டில் விரலை வைத்தார். கட்டை விரலை உயர்த்தினார்.

"வெரி குட்!"

திருத்தாத நோட்டு ஒன்றைப் பிடுங்கி எழுதினாள்: வாய் ஒட்டிவிட்டது. அவர் படித்தார். அவள் தாடையைத் தூக்கி, வெளிச்சத்துக்குத் திருப்பி, அக்கறையாகப் பார்த்தார்.

"எங்க? ஒண்ணுமே தெரியலையே. ஒரு கோடுகூட இல்லை." அவள் கண்ணிலிருந்து வழிந்த நீரைத் துடைத்தார். "சரி, அழாதே. டாக்டர்கிட்ட காட்டிட்டே வந்துடலாம்."

கிளினிக்கில் எப்போதும் போல ஒரு இருமல், ஒரு குழந்தையின் சிணுங்கல், சிவப்பு நாற்காலிகள். காத்திருந்தவர்கள் அவளைப் பார்த்தார்கள். ஒருவர் முகத்தில்கூடத் திகைப்பு இல்லை. ஒரு பெண் தன் கன்னத்தைத் தொட்டுக்கொண்டு, பக்கத்தில் இருந்தவளிடம், "எனக்கும் இப்படி வந்தா போதும்," என்றாள். ரேடியோ அவள் கையைப் பற்றி முனகினாள். அந்தப் பெண் சிரித்துவிட்டுக் கையை விடுவித்துக்கொண்டாள்.

டாக்டரம்மா பெரிய விளக்கைப் போட்டார். அவள் முகத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். பிறகு யாரோ பெருமூச்சு விட்டார்கள்.

"என்ன அழகு," என்றார் டாக்டரம்மா. "கேமராவை எடுத்துட்டு வாங்க."

எழப் பார்த்தாள். கணவரின் கை தோளில் இருந்தது. அன்பான கை. அழுத்தமான கை. "கொஞ்சம் பொறுத்துக்கோ. அவ்வளவுதான், முடிஞ்சது."

பளீரென்று ஒரு வெளிச்சம். கண் கூசி இமையை மூடினாள்.

திறந்தாள்.

திறக்கவில்லை.

இழுத்தாள். புருவம் மட்டும் ஏறி இறங்கியது. சிவப்பாக ஒரு மங்கல். அது கறுத்தது. கேமரா இன்னும் கிளிக் கிளிக் என்று அடித்துக்கொண்டிருந்தது. கைகளைத் தூக்கினாள், யாரோ பிடித்து, மெதுவாக, மடியில் திரும்ப வைத்தார்கள்.

"ஒரு கோடுகூட இல்லை," என்றார் கணவர். குரலில் பெருமைதான்.

"பாக்கி ரொம்பக் கம்மி," என்றாள் நர்ஸ், முகத்துக்கு வெகு அருகில். ஒரு மூடியைத் திருகும் சத்தம். "மூக்குக்குக் கீழ ரெண்டே ரெண்டு சின்ன ஓட்டை இருக்கு. அதுவும் மறைஞ்சுடும்க்கா, கவலையே படாதீங்க."

புது மழைக்கோட்டின் வாசம் நெருங்கியது. சில்லென்று ஒரு விரல் மூக்கின் அடியில் வந்து படிந்து, சின்னச் சின்ன வட்டமாக, மெதுவாக அழுத்தித் தேய்க்கத் தொடங்கியது.