திருகில் ஒரு சிவப்புப் பொட்டு

படக்!

மடக்குக் கத்தி மடங்கியதில் கேரட் இரண்டு துண்டானது. ஒரு துண்டு மேஜையிலிருந்து உருண்டு கான்ஸ்டபிளின் பூட்ஸ் அருகே போய் நின்றது.

இன்ஸ்பெக்டர் தன்னையும் அறியாமல் ஆள்காட்டி விரலை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டார்.

"கேரட் இருந்த இடத்துலதான் சார் விரல் இருக்கும்" என்றாள் அவள்.

கைக்கருவிகள் விற்கும் மொத்த வியாபாரக் கம்பெனியில் அவளுக்குத் தரம் பார்க்கும் வேலை. வந்து இறங்கும் சரக்கில் பாதியைத் திருப்பி அனுப்பிவிடுவாள். அதனால் கம்பெனியில் அவள் பெயர் ரிஜெக்ட் அக்கா!

மூன்று நாள் முன்பு, காலையில், அந்தக் கம்பெனி முதலாளி தன் நாற்காலியிலேயே செத்துக் கிடந்தார். வயிற்றில் மூன்று குத்து. காலடியில் ஒரு மடக்குக் கத்தி. கைப்பிடி சுத்தமாகத் துடைக்கப்பட்டிருந்தது.

முந்தின இரவு கடைசியாக அவர் அறைக்குப் போனது கம்பெனியின் சேல்ஸ்மேன். உள்ளே சத்தம் கேட்டதாக வாட்ச்மேன் சொன்னான்.

சேல்ஸ்மேன் இப்போது லாக்கப்பில் இருந்தான்.

அவன், ரிஜெக்ட் அக்காவின் புருஷன்.

இன்னும் ஒரு மணி நேரத்தில் கோர்ட். அதற்குள் இன்ஸ்பெக்டரின் மனசை மாற்றியாக வேண்டும். அதற்காகத்தான் கைப்பையில் நான்கு கத்தியும், டிபன் டப்பாவில் கேரட்டுமாக ஸ்டேஷனுக்கு வந்திருந்தாள்.

"நாலும் அதே மாடலா?"

"அதே மாடல், அதே லாட் சார். கீழே குடோன்ல இன்னும் ஆயிரம் கிடக்கு. யார் வேணும்னாலும் எடுத்திருக்கலாம்."

"கத்தி மோசமா?"

அவள் ஒன்றை விரித்து வெளிச்சத்தில் பிடித்தாள். கையில் கத்தி வந்ததும் குரலில் இருந்த நடுக்கம் போய்விட்டது.

"இந்த விலைக்கு எஃகு பரவாயில்ல சார். கூர் நிக்கும். பிடியும் வழுக்காது. கோளாறு உள்ளேதான். கத்தியை விரிச்சா இந்தத் தகடு நகர்ந்து வந்து பின்னால முழுசா முட்டுக் கொடுக்கணும். இதுல ஓரமா தொட்டுக்கிட்டு சும்மா நிக்குது, ஆபீசுக்கு லேட்டா வந்தவன் மாதிரி. கொஞ்சம் அழுத்தம் விழுந்தா வழுக்கிடும். கத்தி மடங்கி விரல்ல இறங்கும்."

கான்ஸ்டபிள் சட்டைப் பையிலிருந்து அதே மாதிரி ஒன்றை எடுத்து, மெல்ல மேஜை மேல் வைத்தார்.

"போன மாசம்தான் வாங்கினேம்மா. சல்லிசா இருந்துது."

"ஆப்பிள் நறுக்குங்கண்ணே. வேற எதுக்கும் வேணாம்."

இந்த லாட்டை அவள் ரிஜெக்ட் செய்திருந்தாள். முதலாளிதான் கேட்கவில்லை. விற்றார். ஒரு கடைக்காரருக்கு விரல் நுனி போனது. பழி தன் மேல் வராமலிருக்க, சேல்ஸ்மேன்தான் ஏமாற்றி விற்றான் என்று போலீசில் எழுதிக் கொடுக்கப் போவதாக முதலாளி மிரட்டினார். சண்டை அதற்குத்தான். சண்டை போட்டது நிஜம், தொட்டதுகூட இல்லை என்று லாக்கப் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவளிடம் சத்தியம் செய்தான் புருஷன். கஸ்டமர்களுக்குக் காட்டும் சாம்பிள் கத்தியை எங்கே வைத்தாய் என்று அவள் கேட்டதற்கு, போன வாரமே பஸ்ஸில் தொலைத்துவிட்டேன் என்றான்.

நம்பினாள்.

"மூணு குத்து சார். இந்தக் கத்தியால குத்தினவன் கையைப் பாருங்க, விரல் கிழிஞ்சிருக்கும். எங்க வீட்டுக்காரர் கையில ஒரு கீறல் உண்டா?"

இல்லை என்பது இன்ஸ்பெக்டருக்குத் தெரியும். முதல் முறையாக யோசித்தார்.

"கம்பெனியில விசாரிச்சேன். பதினோரு வருஷத்துல நீங்க ஒரு பீஸ்கூடத் தப்பா பாஸ் பண்ணினதில்லையாம். உங்க பேச்சை நம்பறேன். ஆனா ஒரு தடவை என் கண் முன்னால..."

அலமாரியைத் திறந்து ஓர் உறையை எடுத்தார். கொலை செய்த கத்தி. சோதனைச்சாலை வேலை முடிந்து காலையில்தான் திரும்பி வந்திருந்தது.

அவள் கையுறை மாட்டிக்கொண்டாள். விரித்தாள். பிடியின் பள்ளத்தில் மிச்சக் கேரட்டை வைத்தாள். கத்தியின் முதுகை மேஜை விளிம்பில் அழுத்தினாள்.

மடங்கவில்லை.

இன்னும் பலமாக அழுத்தினாள்.

மேஜைதான் கிறீச்சிட்டது. கத்தி அசையவில்லை. கேரட் முழுசாக இருந்தது.

"என்னம்மா... ஆயிரத்துல ஒண்ணு நல்லதா தப்பி வந்துடுச்சோ?"

அவள் கத்தியைத் திருப்பி, தகட்டைப் பிடித்திருந்த திருகைப் பார்த்துக்கொண்டிருந்தாள். திருகின் ஓரத்தில் சின்னதாக ஒரு சிவப்புப் பொட்டு.

"அதுவா? ரத்தம்னு நினைச்சோம். இல்லையாம், ஏதோ பெயின்ட்னு எழுதியிருக்காங்க."

பெயின்ட் இல்லை. நெயில் பாலிஷ்!

இரண்டு மாதம் முன்பு கயிறு அறுக்கும்போது புருஷனின் ஆள்காட்டி விரலில் அவனுடைய சாம்பிள் கத்தி மடங்கி விழுந்தது. அவன் குளித்துக்கொண்டிருந்த நேரம் பார்த்து அவள் குறடால் அந்தத் தகட்டை வளைத்துச் சரி செய்தாள். திருகை இறுக்கினாள். மறுபடி தளராமலிருக்க ஒரு சொட்டு நெயில் பாலிஷ் விட்டாள். கல்யாண நாளுக்கு அவன் வாங்கிக் கொடுத்தது. நிறம் பிடிக்காமல், அவள் ஒரு நாளும் நகத்தில் போட்டதில்லை. அவனிடம் இதைச் சொல்லவில்லை. சொன்னால் வீட்டிலும் ரிஜெக்ட் வேலையா என்று சிரிப்பான்.

அவன் விரல் பத்திரமாக இருக்க வேண்டும் என்று செய்தது.

இருந்தது. மூன்று குத்துக்கும்!

"சொல்லுங்கம்மா. இது குடோன்ல இருந்து யாரோ எடுத்ததுதான், ஆயிரத்துல ஒண்ணு அப்படி வரும்னு நீங்க எழுதிக் கொடுத்தா எனக்குப் போதும். அவரை இன்னிக்கு கோர்ட்டுக்குக் கூட்டிட்டுப் போக மாட்டேன்."

ஒரு ஆமாம். அவ்வளவுதான். புருஷன் வீட்டுக்கு வந்துவிடுவான்.

அவள் கத்தியை மடக்கினாள். கையுறையைக் கழற்றினாள். இன்ஸ்பெக்டர் நீட்டிய பேனாவை அவர் பக்கமே திருப்பித் தள்ளினாள்.

"வராது சார். இது எங்க வீட்டுக்காரரோட சாம்பிள் கத்தி. சரி பண்ணினது நான். அந்த நெயில் பாலிஷும் என்னோடது."

இன்ஸ்பெக்டர் எழுந்தே விட்டார்.

"உங்க பேர்ல ஒரு தப்புகூட இல்லைன்னாங்களேம்மா..."

"ரெண்டு இருக்கு சார்" என்றாள் ரிஜெக்ட் அக்கா, லாக்கப் கம்பியைப் பார்த்தபடி. "இந்தக் கத்தி ரெண்டாவது."