கூரைத் தண்ணீர்

மூன்று நாளாக மழை விட்டபாடில்லை. அப்படியிருந்தும் மலைமேல் மாதா கோயில் சுவரோரம் நின்ற மரப் பீப்பாயில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.

ஓடிலோ குனிந்து உள்ளே பார்த்தான். அடியில் ஓட்டை கிடையாது. ஜூன் மாதம் அவன் கையாலேயே கூரை விளிம்பில் பொருத்திய தகரவாய்க்கால் ஒழுங்காகத்தான் ஓடியது. குழாய் வழியாக நீர் பீப்பாய்க்குள் இறங்கும் சத்தம்கூடக் கேட்டது. இறங்கிய நீர் எங்கே போனது என்றுதான் புரியவில்லை. உட்புற மரப்பலகை வெளிறிப்போய், விரலை வைத்தால் பொடி உதிர்ந்தது. கோடையில்கூட அப்படிக் காய்ந்து அவன் பார்த்ததில்லை.

நெஞ்சோடு கட்டியிருந்த துணிக்குள் யோலா முனகினாள். அவளுக்கு ஏழு வாரம். பிறந்த எடையிலிருந்து நூறு கிராம்கூட ஏறவில்லை. தாய்ப்பாலும் வேண்டாம், புட்டிப்பாலும் வேண்டாம். இரண்டு வாய் சப்பிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுவாள், நடுவில் ஒரு விக்கல், மறுபடியும் அழுகை. வெள்ளிக்கிழமைக்குள் எடை ஏறாவிட்டால் பள்ளத்தாக்கு ஆஸ்பத்திரியில் மூக்கு வழியாகக் குழாய் போட வேண்டியிருக்கும் என்று நர்ஸ் சொல்லியிருந்தாள். ஞானஸ்நானத்தையும் அதனால்தான் தள்ளிப் போட்டிருந்தார்கள். மனைவி மெலனி ஹோட்டல் வேலைக்குப் போகும் நாட்களில் அவன் பிள்ளையைக் கட்டிக்கொண்டே மலைப்பாதைகளைச் சீர் செய்தான். சரிந்த கல்லை அடுக்கினான், பாறைகளில் வெள்ளை சிவப்பு வெள்ளை என்று வழி அடையாளம் பூசினான். நடந்துகொண்டே இருந்தால் அவள் கொஞ்சம் தூங்குவாள்.

அந்தக் கூரைக்கு அடியில் யார் கிடக்கிறார்கள் என்று ஊரில் எல்லாருக்கும் தெரியும். ஞானஸ்நானம் பெறாமல் செத்த பிள்ளைகளைக் கல்லறைத் தோட்டத்துக்குள் விடாத காலம் ஒன்று இருந்தது. தாய்மார்கள் அவற்றை யாருக்கும் தெரியாமல் தூக்கி வந்து, கோயில் கூரை விளிம்புக்கு நேர் கீழே, சொட்டு விழும் இடத்தில் புதைத்தார்கள். சாமியார் ஊற்ற மறுத்த தண்ணீரைக் கோயில் கூரையாவது ஊற்றட்டும் என்று. நானூறு வருஷம் ஊற்றியது. போன வருஷம் போட்ட புதுப் பாதை சுவரையொட்டிப் போனதால், நடக்க வருகிறவர்கள் கழுத்தில் சொட்டுகிறது என்று புகார் வந்தது. ஊராட்சி தகரம் வாங்கிக் கொடுத்தது, ஓடிலோ மாட்டினான். நாலு பேருக்காவது உறுத்தியிருக்கும். ஆனால் வருகிற கூட்டத்தை நம்பித்தான் ஊர் பிழைக்கிறது, அதனால் வாயை மூடிக்கொண்டார்கள்.

கோயிலைப் பெருக்கித் திறந்து பூட்டும் கோயில்பிள்ளை வேலை பார்க்கும் கிரெசென்ஸ் கதவைப் பூட்ட வந்தாள். ஐம்பத்தைந்து வயது, முழங்கால் வலி, வாய்க்கு மட்டும் ஒரு வலியும் கிடையாது.

"என்னடா, பீப்பாய்க்குள்ள தலைய விட்டுட்டு நிக்கிற? மோதிரம் விழுந்துருச்சா?"

"தண்ணி நிக்கலக்கா. மூணு நாளா கொட்டுது, உள்ள ஈரமே இல்ல."

"நீ செஞ்ச வேலை அவ்ளோ லட்சணம்."

"நீங்களுந்தான் ஊராட்சிக் காகிதத்துல கையெழுத்துப் போட்டீங்க."

"போட்டேன். படியில வழுக்கி விழாம இருந்தாப் போதும்னு போட்டேன்." துணியை விலக்கிக் குழந்தையைப் பார்த்தாள். "குடிக்கிறாளா?"

"இல்லக்கா."

"தலையில தண்ணி விழறதுக்குள்ளயே இவ்ளோ பிடிவாதம்." சிரிக்கப் பார்த்தாள், சிரிப்பு வரவில்லை. "செவுத்தப் பாத்தியா நீ?"

பார்த்தான். முழங்கால் உயரத்துக்குக் கீழே சுண்ணாம்பு தேய்ந்து கல் தெரிந்தது. தேய்ந்த இடமெல்லாம் சின்னச் சின்ன வட்டங்கள், கட்டைவிரல் அகலம்கூட இல்லாதவை, சுவர் நெடுக. ஒவ்வொன்றும் ஈரமாக இருந்தது.

"ஆகஸ்டுலேர்ந்து தெனம் பூசி மறைக்கிறேன். மறுநாள் பாத்தா மறுபடியும் இருக்கு," என்றாள். "யார்கிட்டயும் சொல்லல. பைத்தியம்னு சொல்வானுங்க. அந்தத் தகரத்தக் கழட்டிப் போட்டுட்டு எறங்கு. பொழுது சாயறதுக்குள்ள எறங்கிடு. நான் நிக்க மாட்டேன்."

அவள் பூட்டிவிட்டு, தடியை ஊன்றிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் போனாள்.

மேலே பனிப்பாறைப் பக்கமிருந்து இறங்கிய மூடுபனி முதலில் பைன் மரங்களின் உச்சியை எடுத்துக்கொண்டது, பிறகு பாதையோரத்துச் சிலுவைப்பாதை மாடங்களை ஒவ்வொன்றாக விழுங்கிக்கொண்டு வந்து கோயில் முற்றத்தில் நின்றது. ஈர மரத்தின் வாசனைக்குக் கீழே வேறொரு வாசனை இருந்தது. புளித்த பால் வாசனை. யோலாவின் துணியிலிருந்து வருகிறது என்று ஓடிலோ தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். அவள் அன்றைக்குப் பாலே குடிக்கவில்லை என்பது அவனுக்கு நினைவிருந்தது. பிள்ளையோடு ஏணி ஏற முடியாது. வாசல் முகப்பின் அடியில், மழை படாத பெஞ்சில், தன் சட்டையை விரித்து அவளைக் கிடத்தினான்.

ஏணியைச் சாத்தி ஏறினான். முதல் ஆணி. இரண்டாவது ஆணி. துரு ஏறாத புது ஆணிகள், சுலபமாகவே வந்தன. மூன்றாவதைக் கழற்றும்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. கீழே, சுவரின் அடியில், மெதுவாக, ஒரு சப்புச் சத்தம். கன்றுக்குட்டி விரலைச் சப்புவது போல. நின்றது. கொஞ்சம் தள்ளி இன்னொன்று. அதற்கு அப்பால் இன்னொன்று.

அவன் கீழே பார்க்கவில்லை.

நான்காவது ஆணி. ஐந்தாவது. சப்பு. சப்பு. இப்போது ஏணியின் கடைசிப் படியருகே.

தகரம் பிடுங்கிக்கொண்டு பாதையில் விழுந்தது. கூரைத் தண்ணீர் மொத்தமும் ஒரு திரையாக மண்ணில் இறங்கியது. மண்ணில் விழுந்த சத்தமே இல்லை. விழுங்கும் சத்தம்தான். சுவர் நெடுக, அவசர அவசரமாக, மூச்சு விடக்கூட நிறுத்தாமல்.

பிறகு அதுவும் அடங்கியது. சாதாரண மழைதான் பெய்துகொண்டிருந்தது.

இறங்கி ஓடினான். பெஞ்சில் பிள்ளை பத்திரமாக இருந்தது. அழவில்லை. கண்ணைத் திறந்து அவனையே பார்த்தது. முகப்பின் அடி முழுக்கக் காய்ந்து கிடந்தது, ஆனால் பிள்ளையின் துணி பிழியப் பிழிய நனைந்திருந்தது. உதட்டில் வெள்ளையாக ஏதோ ஒட்டியிருந்தது. கட்டைவிரலால் துடைத்தான். சுண்ணாம்பு. பிள்ளை அந்த விரலைக் கவ்வி இழுத்தது. ஏழு வாரத்தில் யோலா ஒருநாளும் அப்படி இழுத்ததில்லை.

பையிலிருந்த பால்புட்டியை நீட்டினான். ஒரே மூச்சில் காலி. அவனுக்குக் கண் நிறைந்துவிட்டது. குளிரில் நின்றுகொண்டு, காலிப் புட்டியைத் தூக்கிப் பிடித்துப் பார்த்து, வாய்விட்டு அழுதான். குழாய் வேண்டாம். இனி எந்தக் குழாயும் வேண்டாம். பிள்ளையின் நகக்கண்ணில் மண் இருந்ததைப் பார்த்தான். பார்த்துவிட்டு அந்தச் சின்னக் கையைத் துணிக்குள் தள்ளி, நெஞ்சோடு இறுக்கிக் கட்டினான்.

மூன்றாவது மாடத்தைத் தாண்டும்போது மேலிருந்து அழுகை கேட்டது.

மெல்லிய அழுகை. நடுவில் ஒரு விக்கல். மறுபடியும் அழுகை.

நின்றான். நெஞ்சில் இருந்தது சத்தம் காட்டவில்லை. காலிப் புட்டியின் ரப்பரை மென்றுகொண்டிருந்தது.

"ஆட்டுக்குட்டி," என்றான் உரக்க. மந்தைகளைச் செப்டம்பரிலேயே கீழே இறக்கிவிட்டார்கள் என்பது அவனுக்கு நன்றாகவே தெரியும். திரும்பி ஏறினால் பத்து நிமிடம். பனிக்குள் சுவரோரம் தவழ்ந்து தேடினால் இன்னும் பத்து. தேடி எடுத்தால்? கையில் வருவது குடிக்காத பிள்ளை. வெள்ளிக்கிழமை தராசில் கிடத்த வேண்டிய பிள்ளை. இங்கே நெஞ்சில் இருப்பது குடிக்கிறது.

விக்கல். அழுகை.

இறங்கினான். முதலில் நடந்தான். பிறகு ஓடினான். அழுகை பாலம் வரைக்கும் கூடவே வந்தது. பாலத்தடியில் ஆறு இரைந்துகொண்டிருந்தது, அந்த இரைச்சலுக்காகவே அவன் அங்கே அரைமணி நேரம் நின்றான்.

மெலனி ஏழு மணிக்கு வீடு வந்தாள். கோட்டைக்கூடக் கழற்றாமல் அடுப்படி நாற்காலியில் உட்கார்ந்து பிள்ளையை மார்பில் வைத்தாள்.

"ஓடிலோ." குரல் உடைந்தது. "குடிக்கிறா. இங்க பாரு, குடிக்கிறாடா."

"ம்."

"என்ன ம்? என்ன பண்ணுன நீ? மேல கொண்டுபோய் மாதாகிட்ட சொன்னியா?"

அவன் விறகு எடுக்கப் போனான். திரும்பி வந்தபோது இரண்டாவது மார்புக்கு மாற்றியிருந்தாள். தண்ணீர் கேட்டாள். ஒரு ஜாடி முழுக்கக் குடித்தாள். இன்னொன்று கேட்டாள்.

"போதும் மெலனி, குடு இங்க. வாந்தி எடுத்துடும்."

"விடு. ஏழு வாரமா இதுக்குத்தான் காத்துட்டிருந்தேன்." அவள் உதடு வெடித்திருந்தது. "நீ போய் இன்னும் கொஞ்சம் தண்ணி கொண்டா."

ஜாடியை எடுத்துக்கொண்டு முற்றத்துக் குழாய்க்குப் போனான். உடனே திரும்பி வந்திருக்கலாம். ஜாடி நிறைந்து வழிந்த பிறகும் மழையில் நின்றுகொண்டிருந்தான். சொல்ல வேண்டியதை எப்படிச் சொல்வது என்று மனத்துக்குள் உருட்டிப் பார்த்தான். உள்ளே வந்தான்.

அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. மெலனி அதே நாற்காலியில்தான் இருந்தாள். கோட்டு அவளுக்குப் பெரிதாகிவிட்டிருந்தது. கழுத்துத் தோல் எலும்போடு ஒட்டியிருந்தது. கண்கள் திறந்திருந்தன, அவற்றில் ஈரம் இல்லை. பிள்ளையைப் பிடித்திருந்த விரல்கள் சுள்ளிகளாக வளைந்து அப்படியே நின்றன. முகத்தில் இன்னும் அந்தச் சந்தோஷம் இருந்தது.

சப்பு. சப்பு.

பிறகு நின்றது. அது வாயை எடுத்தது. தலை மெதுவாக அவன் பக்கம் திரும்பியது. கன்னம் இரண்டும் உப்பி, சிவந்து, பளபளவென்று இருந்தன.

அவனைப் பார்த்து வாயைத் திறந்தது.