உறை கழன்ற பல்

சாவித்ரி உட்காரவில்லை. துப்பறியும் அழகியநம்பியின் மேசை விளிம்பை இறுகப் பிடித்தபடி நின்றாள்.

“ரெண்டு நாளா ஆத்துக்காரரைக் காணலை. எங்கே இருக்கார்னு மட்டும் கண்டுபிடிச்சுச் சொல்லுங்கோ.”

அவள் கணவர் பஞ்சாபகேசன், பழவங்காடியில் தம்பி நீலகண்டனோடு ஜவுளிக்கடை நடத்தியவர். திங்கள் மாலை கடையிலிருந்து கிளம்பியவர் வலியசாலை வீட்டுக்கு வரவில்லை. மறுநாள் காலை கோவளத்தில் ஒரு பிணம் கரையொதுங்கியது. பாறைகளில் மோதி முகம் சிதைந்திருந்தது. நீலகண்டன் போய்ப் பார்த்தான்.

“வாயில தங்க உறை இல்லை, இது அண்ணா இல்லைன்னு கரையிலேயே சொல்லிட்டானாம். பம்பாய்க்கு ஓடியிருப்பார்ங்கறான். அவர் ஓடமாட்டார்.”

“பல்லுக்கு உறை எதுக்கும்மா போட்டாங்க?”

“கடைவாய்ப்பல் சொத்தை. சாதத்துல கல்லைக் கடிச்சுப் பாதி உடைஞ்சுபோச்சு. டாக்டர் நரம்பை எடுத்துட்டு, மிச்சமும் பொடிஞ்சுடாம இருக்க உறை போட்டார்.”

சவக்கிடங்கில் அழகியநம்பியின் உதவியாளன் பிச்சையா டார்ச் அடித்துப் பார்த்தான். “தங்கமே இல்லை சார். இது வேற ஆள்தான்.” அவன் குரலில் மகிழ்ச்சி.

“அந்தக் கடைவாய்ப்பல் எப்படி இருக்கு?”

“கட்டையா இருக்கு. சுத்திலும் அரம் வச்சு ராவின மாதிரி...” பிச்சையாவின் குரல் இறங்கியது.

அழகியநம்பி காவலுக்கு நின்ற மலையாளக் கான்ஸ்டபிளிடம் திரும்பினார். “கரையில் வாயைத் திறந்து பார்த்தது யாரு?”

“ஆரும் இல்லா சாரே. தாடை இறுகிப் போயிருந்நு. இவிடெ டாக்டர்தான் திறந்நார்.”

அன்று மாலை, அழகியநம்பி இன்ஸ்பெக்டரோடு வலியசாலை வீட்டுக்குப் போனார். சாவித்ரியோடு நீலகண்டனும் அங்கே இருந்தான்.

“உறை மாட்டத்தான் பல்லைச் சுற்றிலும் ராவுவார்கள். உறையைக் கழற்றிவிடலாம், ராவிய பல் பழையபடி வளராது. இறந்தவர் பஞ்சாபகேசன். வாய் இறுகுவதற்கு முன்பே யாரோ உறையை எடுத்திருக்கிறார்கள். மூடிய வாய்க்குள் தங்கம் இல்லையென்று கரையிலேயே உமக்கு எப்படித் தெரிந்தது, நீலகண்டன்?”

நீலகண்டன் சுவரில் சாய்ந்தான். “இந்த வீட்டை விக்கக் கையெழுத்துக் கேட்டேன். மாட்டேன்னான். பாறை மேலேர்ந்து தள்ளிட்டேன். கீழே போய்ப் பார்த்தா மூச்சில்லை. அண்ணான்னு தெரியக்கூடாதுன்னு உறையைச் சாவியால நெம்பி எடுத்தேன்.”

இன்ஸ்பெக்டர் அவனை அழைத்துச் சென்றார். சாவித்ரி அழகியநம்பியிடம் கேட்டாள்:

“நெம்பறச்சே அவருக்கு வலிச்சிருக்குமா?”

“இல்லைம்மா. அப்போ உயிர் இல்லை. அந்தப் பல்லுக்கு நரம்பும் இல்லை.”

அவள் தலையசைத்தாள். பிறகுதான் அழுதாள்.