நான்காவது வார்

கிட்டே வாருங்கள், என் கண்மணிகளே. இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். ஒரு முரசின் கதையை, அதை நம்பிப் பிழைக்க வந்த ஒரு சின்ன நாட்டின் கதையைச் சொல்கிறேன். முடியும்வரை உங்களில் ஒருவரும் எழுந்து போகமாட்டீர்கள். அதற்கு நான் பொறுப்பு.

உருக்கிய செம்பொன்னைப் பரப்பியதுபோல் சேந்தாற்றின் நீர் தகதகத்துக்கொண்டிருந்த அந்த மாலை வேளையில், நாணல் அடர்ந்த அதன் தென்கரையில் மூன்று நாட்டுக் கொடிகள் அருகருகே அசைந்தன. அவற்றின் நடுவே ஆளுயர மேடையில் வீற்றிருந்தது கூட்டு முரசு. அதன் தோலை இறுக்கிப் பிடித்திருந்தவை மூன்று வார்கள், நாட்டுக்கு ஒன்று. அந்த முரசு ஒலித்தால் மூன்று படைகளும் ஒன்றாய்ப் புறப்படும்.

அன்று நான்காவது வார் ஒன்று வந்திருந்தது. வடபுலத்துச் சக்கரவர்த்தியின் பிடியிலிருந்து விடுபட்டுப் பதினோரே ஆண்டுகள் ஆன புன்னைக்கரை நாடு அதை அனுப்பியிருந்தது. அந்நாட்டை மீண்டும் விழுங்கச் சக்கரவர்த்தியின் சேனை மூன்று நாள் வழித்தொலைவில் கூடாரமடித்திருந்தது. கதிரவன் மறைவதற்குள் மூன்று அரசர்களும் தம் கையால் முடிச்சிட்டால் புன்னைக்கரைக்குத் துணையுண்டு. இல்லையேல் வார் ஆற்றில் எறியப்படும்; பிறகு அந்நாடு தனி.

அன்பானவர்களே, அந்தக் கூட்டணியின் மரபு மிகக் கடுமையானது. வந்த தூதர் வாய் திறக்கலாகாது. உறுப்பு நாட்டு அரச குலத்தார் ஒருவரே பரிந்து பேசவேண்டும். பேசியவர் போர் மேகம் கலையும்வரை அந்தப் புதிய நாட்டுக் கோட்டைக்குள்ளேயே குடியிருக்கவேண்டும். வாயளவில் ஆதரவு சொல்பவரை வடிகட்டத்தான் அந்த ஏற்பாடு! அதனால் அன்று, முடிச்சிட மனமிருந்த இரண்டு அரசர்களும்கூடத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

தலைப்பாகையால் பாதி முகம் மறைத்த தூதர் வாரைக் கைகளில் ஏந்தி அசையாமல் நின்றார்.

"பேச யாருமில்லையா? நல்லது, வாரை ஆற்றில் எறியுங்கள்" என்றார் காரிமலை அரசர் வில்லவதரையர். இந்த இணைப்பை முதலிலிருந்தே எதிர்த்தவர் அவர்தான்.

"நான் பேசுகிறேன், தந்தையே."

எழுந்தவன் அவருடைய ஒரே மகன் விடங்கன்.

"உட்கார், விடங்கா! அது கோட்டையா? நண்டு வளை! ஒரு மழைக்குத் தாங்காது."

"அந்த நண்டு வளைதான் பதினோரு வருஷமாகச் சக்கரவர்த்தியை ஆற்றுக்கு அந்தப் பக்கமே நிறுத்தியிருக்கிறது. அது விழுந்தால் அடுத்த வாசல் நம்முடையது. நான் அங்கே போய் இருக்கிறேன்."

அரசரின் முகம் சிவந்தது. "நீ போகலாம், மரபு தடுக்காது. ஆனால் என் கை இந்த வாரைத் தொடாது! அந்நாட்டு அரசி எங்கே? ஊமைத் தூதனை அனுப்பிவிட்டு ஒளிந்திருக்கிறாள். முதல் அம்பு விழுந்ததும் அவள் ஓடம் ஏறுவாள். என் பிள்ளை மதிலில் நின்று சாவான்!"

தூதரின் கை மெல்ல உயர்ந்தது. தலைப்பாகை அவிழ்ந்தது. கருங்கூந்தல் தோளில் சரிய, அங்கே நின்றவள் ஓர் இளம்பெண்!

"தூதர்தான் பேசலாகாது, அரசே. நான் புன்னைக்கரையின் அரசி நீலநங்கை."

காவலர்களின் வாள்கள் உறையிலிருந்து பாதி வெளிவந்தன. அவளைப் பிடித்துக் கொடுப்பவருடைய நாட்டை இருபது ஆண்டு தொடமாட்டேன் என்று சக்கரவர்த்தி பறையறைவித்திருந்தது அங்கே யாருக்குத்தான் தெரியாது?

"முடிச்சிடுவதும் என்னைக் கட்டி அனுப்புவதும் தங்கள் விருப்பம். ஆனால் ஓடம் ஏறுவேன் என்று மட்டும் சொல்லாதீர்கள். நான் வந்த ஓடத்தை அப்போதே திருப்பி அனுப்பிவிட்டேன்."

எல்லோரும் ஆற்றைப் பார்த்தார்கள். துறை வெறுமையாக இருந்தது. கதிரவன் நீரின் விளிம்பைத் தொட்டுவிட்டான்.

வில்லவதரையர் ஆசனத்திலிருந்து இறங்கி, ஒவ்வோர் அடியாக வைத்து அவளெதிரே வந்து நின்றார். விடங்கனின் கை வாளின் பிடியை இறுக்கியது.

"பெண்ணே, பயமாக இல்லையா?"

"இருக்கிறது, அரசே. முழங்கால் நடுங்குகிறது. அங்கி நீளமாக இருப்பதால் தெரியவில்லை."

அந்த முரட்டு மனிதர் வாய்விட்டுச் சிரித்தார்.

"கொடு அந்த வாரை! விடங்கா, மறுமுனையை இழுத்துப் பிடி. முடிச்சு தளர்ந்தால் உன் தாய் என்னை வீட்டுக்குள்ளேயே விடமாட்டாள்."

அவர் முடிச்சிட்டார், மற்ற இரண்டு அரசர்களும் ஓடிவந்து தத்தம் முடிச்சை இட்டார்கள். முரசின்மீது உள்ளங்கை பதித்து வில்லவதரையர் சூளுரைத்தார்: "இன்று முதல் புன்னைக்கரைமேல் விழும் அடி காரிமலைமேல் விழுந்த அடி!"

விடங்கன் தன் குதிரையின் கடிவாளத்தை நீலநங்கையிடம் நீட்டினான். "ஓடத்தைத்தான் அனுப்பிவிட்டீர்களே, தேவி. ஏறுங்கள். இந்தக் கரை வழியே உங்கள் கோட்டைக்கு நான் நடந்தே வருகிறேன்."

அவள் முதன்முறையாகப் புன்னகைத்தாள். அவர்களுக்குப் பின்னால் முரசு அதிர்ந்தது. அக்கரை நாணலில் உறங்கப்போன கொக்குகள் எல்லாம் எழுந்து பறந்தன.

என் செல்வங்களே, உங்கள் வீட்டில் அடுப்பு அணையாதிருக்கட்டும். பிள்ளைகள் நோய்நொடியின்றி வளரட்டும். உங்களுக்கு ஒரு கஷ்டம் என்றால் கூப்பிடும் முன்பே அண்டை வீட்டுக் கதவு திறக்கட்டும். நன்றாயிருங்கள்.