இடுப்பில் கட்டிய கயிறு

கயிறு மூன்று முறை சுண்டியது. ஒரு சுண்டு என்றால் தளர்த்து, இரண்டு என்றால் மேலே இழு. மூன்றுக்கு அவர்களிடம் அர்த்தமே கிடையாது.

"மாமா?" குழிக்குள் குனிந்து கூப்பிட்டான் கயிறு பிடிப்பவன். பூட்டிக் கிடந்த ஆலையின் பின்சந்தில் ஈ காக்கை இல்லை. மத்தியான வெயிலில் கண் கூசியது. ஆனால் திறந்த மூடிக்குக் கீழே நாலடிக்கு மேல் வெளிச்சம் இறங்கவில்லை, அங்கிருந்து நாற்றமும் எங்கோ தண்ணீர் சொட்டும் ஓசையும் அதற்கும் அடியில் யாரோ மூக்கடைத்து மூச்சு விடுவது போன்ற கரகரப்பும் மட்டும் ஏறி வந்துகொண்டிருந்தன. சாக்கடை அடைப்பெடுக்க இறங்கியவர் அவனுடைய அக்கா புருஷன். "பத்தே நிமிஷம்டா மாப்ள, மேல நின்னு கொறட்டை விட்டுடாத" என்று கிண்டலடித்துவிட்டுப் போனவர். இருபது நிமிடம் ஆகிவிட்டது.

கை வழுக்குகிறதென்று கயிற்றின் மறுமுனையை அவன் தன் இடுப்பிலேயே இறுக்கி முடிந்திருந்தான். கூடவே கூடாது என்று மாமா தலைபாடாக அடித்துக்கொண்ட வேலை அது.

இப்போது இரண்டு சுண்டு. அப்பாடா! காலை ஊன்றி இழுத்தான். கனத்தது. மாமா ஒல்லிப்பிச்சான். இது இரண்டு ஆள் கனம்.

"மாப்ள! இங்கடா!"

குரல் முதுகுக்குப் பின்னால் கேட்டது. முப்பதடி தள்ளி, மூடியே இருந்த அடுத்த குழி. அதன் இரும்பு மூடியின் துளை வழியே இரண்டு விரல்கள் நீட்டிக்கொண்டிருந்தன. ஒன்றில் மாமாவின் வெள்ளி மோதிரம்.

"கயிறு எங்கியோ மாட்டிக்கிச்சு, அவுத்து விட்டுட்டு இப்படி வந்துட்டேன். மூடி நகர மாட்டேங்குது. தூக்குடா... மூச்சு முட்டுது."

அவிழ்த்துவிட்டாரா? அப்படியானால் இந்தக் கயிற்றில் யார்?

ஓடினான். இரண்டே எட்டு. இடுப்பு வெட்டி இழுக்க, குப்புற விழுந்தான். முடிச்சு ஈரத்தில் கல்லாகியிருந்தது. பிய்த்தான். கடித்தான். நகம் பெயர்ந்ததுதான் மிச்சம்.

"வந்துட்டேன் மாமா! கொஞ்சம் பொறுங்க மாமா!" அக்கா முகத்தில் எப்படி விழிப்பான்?

"சீக்கிரம்டா..."

கயிறு அவனைப் பின்னால் இழுத்தது. நிதானமாக. ஒரு பிடி. இன்னொரு பிடி.

விரல்கள் துவண்டன. ஒன்று உள்ளே சரிந்தது. பிறகு மோதிர விரலும்.

"மாமா!"

கால்மாட்டில் ஏதோ ஈரமாக அறைந்தது. திரும்பினான்.

குழி விளிம்பில், சேறு வழிய, ஒரு கை. பக்கத்தில் இன்னொன்று. இரண்டும் விளிம்பைக் கெட்டியாகப் பற்றியிருந்தன. கயிறோ இன்னும் பிடி பிடியாக உள்ளே போய்க்கொண்டிருந்தது.