வெறுமையாகத் திரும்பாத சந்தூக்கு

இதனால் சகலருக்கும் பெருமிதத்துடன் அறியத்தருவது: இம்மண்ணின் வரலாற்றில் பொன்னெழுத்துகளால் பொறிக்கப்பட வேண்டிய கண்டக்குழி நூதனசாலைத் திறப்பு விழா, கௌரவ அமைச்சரின் பொற்கரங்களால் நாளை காலை இனிதே நடந்தேறும்.

இப்படி ஒலிபெருக்கியில் முழங்கிவிட்டு, ஓய்வுபெற்ற பாடசாலை அதிபரும் தன்னைத்தானே நூதனசாலைப் பணிப்பாளராக நியமித்துக்கொண்டவருமான ஹில்மி சேர், அருங்காட்சியகமாக மாறியிருந்த பழைய உப்புக் களஞ்சியத்துக்குள் நுழைந்தார். அங்கே வரலாறு என்று இருந்தவை ஒரு துருப்பிடித்த நங்கூரம், அவருடைய மருமகன் வரைந்த சில ஓவியங்கள், நடுவில் சிவப்பு வெல்வெட் போர்த்திய ‘ஒல்லாந்தர் காலப் பல்லக்கு’.

அது பள்ளிவாசலின் பழைய சந்தூக்கு, இறந்தவர்களை அடக்கத்துக்குச் சுமந்துபோகும் பெட்டி, என்பது ஊருக்கே தெரியும். ஹில்மியின் வாப்பாவே அதில்தான் மையவாடிக்குப் போனார். பள்ளிவாசலுக்கு அலுமினியத்தில் புதிது வந்ததும் பழையதை இங்கே தள்ளிவிட்டார்கள். மையித்து சுமந்த மரப்பெட்டியைப் பார்க்க எந்த உல்லாசப் பயணி வருவான் என்று யோசித்த ஹில்மி, அதற்குப் பதவி உயர்வு கொடுத்திருந்தார்.

அஸர் தொழுகைக்குப் பிறகு அஸ்ரியா வந்தாள். போன வருடம் அவளுடைய கணவன் முனாஸின் படகு கவிழ்ந்தபோது, உடல் ஒதுங்கும் என்று நம்பி இதே சந்தூக்கைத்தான் கரைக்குக் கொண்டுபோனார்கள். வெளியே போன சந்தூக்கு மையித்து இல்லாமல் திரும்பக் கூடாது என்பது அந்தக் கரையின் வழக்கம். இருட்டி மஃரிப் பாங்கு சொல்லும் வரை பார்த்தார்கள். கடல் எதையும் தரவில்லை. அலுத்துப்போய்த் திருப்பிச் சுமந்து வந்தவர்களில் ஹில்மியும் ஒருவர். வலது தோள்.

"அது வெறுமையாத் திரும்பல்ல, சேர்," என்றாள் அவள் மெல்ல. "அவர் ஏறிட்டார். கனவுல வந்து தோளுக்கு ஆள் கேக்கிறார். ஒருக்கா மையவாடிக்குக் கொண்டுபோய் இறக்கி விடுங்க."

ஹில்மி அவளுக்கு மரபுரிமை பற்றிச் சிறு சொற்பொழிவு ஒன்று ஆற்றினார். விழா முடியட்டும் என்றார். அமைச்சர் வரும்போது மண்டபத்தின் நடுவே வெற்றிடம் இருந்தால் நாட்டுக்கே அவமானம் என்றும் சொன்னார். அவள் வாசலில் போய் அமர்ந்தாள்.

நாளைக்கு எடுக்கப்போகும் புகைப்படத்துக்கு வெளிச்சம் விழட்டும் என்று பல்லக்கை ஜன்னலோரம் நகர்த்த நான்கு பேர் பிடித்தார்கள். அசையவில்லை. ஆள் கிடக்கிற பாரம் என்று ஒருவன் முணுமுணுத்தான். நால்வரும் தேநீர் குடிக்கப் போனார்கள். திரும்பவில்லை.

பொழுது சாய்ந்தது. ஈர வலையும் மண்ணெண்ணெயும் அழுகிய கடற்பாசியும் கலந்த வாடை மண்டபத்தில் மெதுவாகப் பரவிற்று. எங்கோ தண்ணீர் சொட்டும் சத்தம்.

கூரையிலிருந்து அல்ல.

வெல்வெட்டின் விளிம்பிலிருந்து.

துணி ஓர் ஆளின் அளவுக்கு மேடிட்டிருந்தது. நெஞ்சு இருக்க வேண்டிய இடம் மெல்ல ஏறியது.

இறங்கியது.

ஹில்மி மரபுரிமையை அப்படியே விட்டுவிட்டு ஓடினார். வாசலில் அஸ்ரியாவைத் தாண்டும்போது, நாளைக்கு, நாளைக்கு என்று மட்டும் சொன்னார்.

காலையில் வெல்வெட் தட்டையாகக் கிடந்தது. சந்தூக்கை ஓர் ஆளே தூக்கிவிடலாம், அவ்வளவு இலேசு. அதிலிருந்து புறப்பட்ட ஈரக் காலடிகள் கதவைத் தாண்டி, ஹில்மியின் வீட்டுப் பாதையில் திரும்பியிருந்தன.

அஸ்ரியா காலடிகளைப் பார்க்கவில்லை. விழாக் கோலத்தில் வந்து நின்ற ஹில்மியின் தோளைப் பார்த்தாள்.

"பொறுத்துப் பார்த்து இறங்கிட்டார், சேர். இப்ப உங்கட தோள்ள ஏறிட்டார். நடங்க, மையவாடி கிட்டத்தான்."

புதுக் கோட்டின் வலது தோள் நனைந்து உப்புப் பூத்திருந்தது. நாலு பேர் சுமக்க வேண்டிய பாரம். காதருகே ஈர மூச்சு.

"விழா முடியட்டும்," என்று கிசுகிசுத்தார் ஹில்மி.

வரவேற்பு வளைவின் கீழே, வலப்பக்கம் சாய்ந்து, முதுகு வளைந்து, கையில் பூமாலையுடன் நின்றார். என்ன பணிவு என்று ஊரார் வியந்தார்கள். வெயில் ஏறியது. தோளிலிருந்து சொட்டிக்கொண்டே இருந்தது.

அமைச்சர் வரவில்லை.