பதினோரு நிமிடம்

காலை ஒன்பதரைக்கு ஓசூர் அனுமதிக் கூடத்தில் செந்தூரன் செய்யும் முதல் வேலை, ஊர்ப் பதிவுகளையெல்லாம் வைத்திருக்கும் சேவையகக் கணினியின் நெற்றியில் சந்தனம் வைப்பது. பிறகு திரையின் முன் உட்கார்ந்து பதிவுகளைப் பார்ப்பான். ஒவ்வொரு பதிவுக்கும் உரிமையாளர், குழு, மற்றவர் என்று மூன்று தரப்பு. படிப்பது, எழுதுவது, இயக்குவது என்று மூன்று உரிமை. யாருக்கு எது உண்டு, எது இல்லை என்று சரிபார்ப்பதுதான் அவன் பிழைப்பு.

நீதிமன்றங்களை மூடி முப்பது வருடமாகிறது. வக்கீல், வாய்தா, சாட்சி என்று அலைந்து ஊரே சலித்துப்போன பிறகு வந்தது அனுமதிச் சட்டம். அதில் ஒரே வரி: கணினி அனுமதித்தது சரி, மறுத்தது தவறு. வீட்டுக் கதவு, பள்ளி வாசல், மருத்துவமனை வார்டு எல்லாமே பதிவைப் பார்த்துத்தான் திறக்கும். ஜனங்களுக்கு ரொம்பச் சந்தோஷம். திருடனைப் பிடிக்கும் தொல்லை இல்லை. திருட முடிந்துவிட்டால் அது திருட்டே இல்லை.

சட்டம் எழுதிய மேதாவிகள் ஒன்றை மறந்துவிட்டார்கள். பொறியாளனுக்கும் பசிக்கும்.

செவ்வாய்க்கிழமை, யாருக்கு யார் உறவு என்று வைத்திருக்கும் குடும்பச் சேவையின் புதிய வடிவத்தை நிறுவும்போது அது 'அனுமதி மறுப்பு' என்று திரும்பத் திரும்ப முரண்டு பிடித்தது. எந்தப் பூட்டு தடுக்கிறது என்று தேடினால் அரை நாள் போய்விடும். அதனால் எல்லாப் பொறியாளர்களும் செய்வதையே அவனும் செய்தான். மூன்று தரப்புக்கும் மூன்று உரிமைகளையும் அள்ளிக் கொடுத்தான். மூன்று உரிமையும் சேர்ந்தால் கணினிக் கணக்கில் ஏழு; மூன்று தரப்புக்கும் ஏழு என்பதால் அதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் மூவேழு. சேவை உடனே ஓடியது. நிறுவலைக் கொண்டாட வந்திருந்த போண்டாவைத் தின்றுவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு வந்து மறுபடி பூட்டினான். பதினோரு நிமிடம். அன்று மாலை அக்காவிடம் போனில் அதைச் சொல்லிச் சிரிக்கவும் செய்தான்.

வியாழக்கிழமை அந்த அக்காவே அவன் ஜன்னலுக்கு முன் வந்து நின்றாள். செருப்பில் ஒன்றைக் காணோம்.

"ஸ்கூல் வாசல் திறக்கலடா. எப்பவும் வேன்ல வந்துடுவா, இன்னைக்கு அரை நாள் லீவுன்னு நானே போனேன். மகிழைக் கூப்பிட வந்தேன்னு சொல்றேன், 'நீங்கள் யார்'னு கேக்குது. அவ உள்ள இருந்து பாத்து அழறா."

செந்தூரன் அக்கா மகளின் பதிவைத் திறந்தான். தந்தை: பரிதி. தாய் என்ற இடம் காலி. மாற்றிய நேரம் செவ்வாய், பத்து பதினான்கு. மாற்றியவர்: மற்றவர். அவன் திறந்து வைத்த அந்தப் பதினோரு நிமிடத்துக்குள். பிரிந்துபோன அத்தான், பூட்டை நொடிக்கொரு முறை தட்டிப் பார்த்து, திறந்ததும் பதிவை மாற்றிவிடும் நிரலை இரண்டு வருடமாக ஓடவிட்டிருக்க வேண்டும். ஊரில் பாதிப் பேர் அப்படி ஒன்றை வைத்திருந்தார்கள்.

"பழையபடி மாத்திக் குடு, செந்தூர்."

"முடியாதுக்கா. அனுமதி இருந்தப்ப பண்ணது. அது சரின்னுதான் கணினி சொல்லும்."

"அப்ப எனக்கும் திற. எம்பேரை நானே எழுதிக்கிறேன்."

ஒருவருக்கு மட்டும் திறக்கும் அதிகாரத்தைப் பொறியாளர்களிடமிருந்து எப்போதோ பிடுங்கிவிட்டார்கள். சொந்தக்காரர்களுக்குச் சலுகை காட்டுவார்களாம். திறந்தால் ஊருக்கே திறக்க வேண்டும். அவன் செவ்வாய்க்கிழமைப் பட்டியலைப் பார்த்தான். அந்தப் பதினோரு நிமிடத்தில் நாலாயிரத்துச் சொச்சம் மாற்றங்கள்.

"திறந்தா எத்தனை பேர் காத்துட்டு இருக்காங்க தெரியுமா? யார் யாரோ யார் குடும்பத்தையோ அழிச்சிடுவாங்க. என்னால ஆகாதுக்கா."

அக்கா சத்தம் போடவில்லை. "போண்டா ஆறிடும்னு பதினோரு நிமிஷம் திறந்து வச்ச. எம்புள்ளைக்கு ஒரு நிமிஷம் திறக்க மாட்டியா?"

பதினொன்று நாற்பத்திரண்டுக்கு மூவேழைத் தட்டினான். அக்கா தன் கைப்பேசியில் பெயரை எழுதினாள். காரியம் முடிந்ததென்று பரிதி தன் நிரலை நிறுத்தியிருந்தான் போலும், பெயர் அழியாமல் நின்றது. நாற்பத்து மூன்றுக்குச் செந்தூரன் பூட்டினான். அக்கா அந்த ஒற்றைச் செருப்பையும் கழற்றி வீசிவிட்டுப் பள்ளிக்கு ஓடினாள். கொஞ்ச நேரத்தில் ஒரு படம் வந்தது. மகிழ் அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டிருந்தாள். அந்த ஒரு நிமிடத்தின் பட்டியலை அவன் பார்க்கவில்லை. பார்க்கத் துணிவில்லை.

மறுநாள் காலை அக்கா தூக்குப்பாத்திரத்தோடு வந்து, உள்ளே அவன் மேசையருகில் உட்கார்ந்தாள். அப்போது ஜன்னலில் ஓர் ஆள் கையில் பிளாஸ்க்கோடு நின்றான். ராத்திரியெல்லாம் தூங்காத முகம்.

"சார், என் சம்சாரம் ஆஸ்பத்திரியில இருக்கா. நேத்து மத்தியானத்துலேர்ந்து வார்டு கதவு என்னை விட மாட்டேங்குது. நான் அவளுக்கு யாருமே இல்லேங்குது. ஏதோ பிழை சார், பாத்துச் சொல்லுங்க. அவ ரொம்ப நேரம் தாங்க மாட்டா."

செந்தூரன் பதிவைத் திறந்தான். கணவர் என்ற இடம் காலி. மாற்றிய நேரம் நேற்று, பதினொன்று நாற்பத்திரண்டு.

அவன் அக்காவைப் பார்த்தான். அவளுக்கும் திரை தெரிந்தது. தூக்கின் மூடியைத் திறந்து அவன் பக்கம் நகர்த்தினாள். போண்டாக்களிலிருந்து ஆவி பறந்தது.

"பிழை இல்லீங்க," என்றான் செந்தூரன் ஜன்னல் பக்கம் திரும்பி. "கணினி அனுமதிச்சிருக்கு."